நான் பாஸ் போட்ட டிரம்பெட்

போன மாதம் திவ்யா போன் செய்தாள். வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். நல்ல பெண், அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

“சார், இனிமே ரிப்போர்ட்லாம் எழுத வேணாமாம். எது வந்தாலும் அஞ்சுக்கு எத்தினி ஸ்டாருன்னு போட்டா போதுமாம். நீங்க எப்டி கேப்பீங்கன்னு ஒரு பத்து பாயிண்ட் எழுதிக் குடுங்க சார். உங்களோட அந்த ஃபேமஸ் வரிய மேல போட்டுக்கறோம்.”

“எந்த வரி?”

“‘இந்த டிரம்பெட்டுக்கு உயிர் இருக்கிறது’ன்னு எழுதினீங்களே சார், அது இன்னும் நோட்டீஸ்ல வருது!”

அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்த என் மனைவி, “யாராச்சும் தவறிட்டாங்களா?” என்று கேட்டாள். அப்படித்தான் இருந்திருக்கும் முகம்.

பத்து பாயிண்ட் எழுத என்னால் ஆகாது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படிக்கிறவர்களுக்குக் கசந்தால் கசக்கட்டும்.

நான் ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். நான் மாதா கோயில் ஆர்மோனியத்தில் விரல் பழகி, இன்னிசைக் குழுக்களில் பதினைந்து வருடம் கீபோர்டு வாசித்து, விரல் மூட்டு மக்கர் பண்ண ஆரம்பித்ததும் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். கச்சேரிக்காரர்களுக்கும் கோயில்களுக்கும் கீபோர்டு, மைக், ஸ்பீக்கர் எல்லாம் விற்கிற மாடிக் கம்பெனி. பிறகு காலம் மாறி சாஃப்ட்வேர் சிந்தசைசர் வந்தது. கீபோர்டு வெறும் கட்டைகள்தான், சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வரும். சில சத்தங்களைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு உண்டாக்கும். சில சத்தங்கள் எவரோ வாசித்ததைப் பதிவு செய்து, ஒவ்வொரு சுரமாக நறுக்கி, ஒவ்வொரு கட்டைக்கு அடியில் வைத்தது. வருகிற சாஃப்ட்வேரைக் கேட்டு, இது வாங்கலாம், இது தண்டம் என்று அறிக்கை எழுதுவது எங்கள் பிரிவின் வேலை. எங்கள் அறிக்கையை நம்பித்தான் எண்ணூர் முதல் புழல் வரை குழுக்காரர்கள் வாங்கினார்கள்.

எங்களுக்குத் தலைவி ரெஜினா மேடம். ஐந்தடிகூட இருக்க மாட்டார். வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு கையில் பால் விடாத டீ, இன்னொரு கையில் பென்சில். அவர் வாயிலிருந்து “நல்லாருக்கு” என்ற சொல் வந்ததே கிடையாது. “நிக்குது”, “நிக்கல”. இரண்டே தீர்ப்பு.

அவர் வைத்திருந்த முறையை அப்படியே சொல்கிறேன். இன்று பத்து நிமிஷம் கேட்டுவிட்டு கேமராவைப் பார்த்துக் கண்ணை உருட்டுகிறவர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில், பேர் கூடாது. லேப்டாப் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும், கேட்கிறவர்களுக்கு எந்தக் கம்பெனி, என்ன விலை என்று தெரியாது. “வெல தெரிஞ்சா காது வெலைக்குப் போயிடும்” என்பார். இரண்டாவது, ஒப்பிடுகிற இரண்டு சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதற்காக மீட்டரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார். கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் வந்தாலே மனிதக் காது அதுதான் நல்ல சத்தம் என்று ஏமாந்துவிடும். விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் தங்கள் சரக்கை எப்போதும் ஒரு பிடி ஏற்றி வைத்துக் காட்டுவார்கள்.

அடுத்து எதிரொலியை அணைக்கச் சொல்வார். “எக்கோன்றது பவுடர். மொதல்ல மூஞ்ச கழுவிட்டு வரச் சொல்லுங்க.” பிறகு ஒரே கட்டையைப் பத்துத் தடவை தட்ட வேண்டும். பத்தும் அச்சடித்த மாதிரி ஒன்றாக வந்தால் அது மெஷின், மனிதன் இரண்டு தடவை ஒரே மாதிரி வாசிக்க மாட்டான். ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால், சத்தத்தை நீட்ட எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மெதுவாகத் தட்டினால் சத்தம் குறைய மட்டும்தான் செய்கிறதா, குணமும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கிழட்டு லேப்டாப்பில் போட்டு, பத்து விரலாலும் அழுத்தி, திணறுகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்கள் வைத்திருந்தது அந்த மாதிரி லேப்டாப்தான்.

கடைசியில் மொட்டை மாடி. ஜெனரேட்டரை ஓடவிட்டு, கல்யாணத்துக்குப் போடும் பெட்டி ஸ்பீக்கர் இரண்டில் அதே சத்தத்தை விடுவோம். கீழே லாரி ஹாரன், துணிக்கடைக்காரன் கூவல். இவ்வளவுக்கும் நடுவில் அந்தச் சத்தம் கரையாமல் நின்றால் “நிக்குது”.

எல்லாம் முடிந்தபின் ஆளுக்கொரு சீட்டில் முடிவை எழுதி, மடித்து, பழைய பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். டப்பா திறக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது. ஒருவர் உதட்டைப் பிதுக்கினால் இன்னொருவர் காது மாறிவிடும் என்பது மேடத்தின் கட்சி. ஒருமுறை முதலாளியே உள்ளே வந்து, “இது பெரிய கம்பெனி சரக்கும்மா” என்று உளறிவிட்டார். மேடம் அன்றைய சீட்டு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டு, வேலையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

இந்த முறையில் எனக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் நடந்தது இன்னும் உறைக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் இருக்கும்போது ஒரு சாஃப்ட்வேர் வந்தது. பேர் சொல்ல மாட்டேன், சொல்லி நான் ஏன் அதற்கு விளம்பரம் செய்ய வேண்டும்? ஊரின் மறு கோடியில் இருந்த ஒரு கம்பெனியின் தயாரிப்பு. மற்ற வாத்தியங்கள் சுமார். டிரம்பெட் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கீபோர்டின் நடு ஸி, எல்லாப் பாட்டிலும் விரல் வந்து விழுகிற கட்டை அது. அதைத் தட்டியபோது தொடக்கத்தில் ஒரு சின்ன கரகரப்பு, பிறகு சுருதி ஒரு இம்மி ஏறி நின்றது. என் உடம்பு சிலிர்த்துவிட்டது. வேறு சரக்குகளில் டிரம்பெட் எல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி வரும். இது எங்கள் தெருவில் தேர் வருகிற மாதிரி வந்தது.

சீட்டில் எழுதினேன்: ‘சுருதி சற்றே ஏறுகிறது. அதுதான் அழகு. இந்த டிரம்பெட்டுக்கு உயிர் இருக்கிறது. நிக்குது.’ டப்பா திறந்தபோது மற்றவர்கள் பட்டும் படாமலும் எழுதியிருந்தார்கள். நான் எழுதியதுதான் அறிக்கைக்குப் போனது. அறிக்கையிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் பிய்த்து, என் பேரோடு, அந்தக் கம்பெனி நோட்டீஸ் அடித்தது. நான் வெட்கமில்லாமல் அதை மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை சாயந்தரம் ஆரோக்கியம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குப் பழக்கம். ரயில்வேயில் கலாசியாக இருந்தவன், அதோடு பேண்டு செட் மாஸ்டர். எங்கள் பக்கத்தில் சாவு, கல்யாணம், மாதா தேர், எதுவானாலும் முன்னால் போவது அவன் டிரம்பெட்தான். கையில் அந்த நோட்டீஸ் இருந்தது.

“சவரி, இத்த யாரு பாஸ் போட்டது?”

“நான்தான் மாமு. பேரு போட்டுக்கீதே, பாக்கலியா?” என்றேன் பெருமையாக.

“பேரப் பாத்துட்டுதான் வந்துக்கீறேன். குந்து. இப்ப கேளு.”

துணிப்பையிலிருந்து டிரம்பெட்டை எடுத்தான். என் வீட்டுக் கூடத்தில், டிவியை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரு சுரம் ஊதினான். தொடக்கத்தில் கரகரப்பு. பிறகு ஒரு இம்மி ஏறிய நடு ஸி. அவன் டிரம்பெட்டைத் தலைகீழாகத் திருப்பி, அதிலிருந்த சின்ன சாவியை அழுத்தி ஊதி, உள்ளே தேங்கிய எச்சில் தண்ணீரை என் தரையிலேயே வடித்தான். பிறகு இடது கை விரலால் மூன்றாவது குழாயை வெளியே தள்ளிப் பிடித்துக்கொண்டு அதே சுரத்தை ஊதினான். சுத்தமாக, நேராக, கூடம் முழுக்க நிறைந்து வந்தது.

“மொதல்ல ஊதனது இன்னா?”

“அந்த சாஃப்ட்வேரு,” என்றேன்.

“ரெண்டாவது?”

“நீ.”

“ஆங். இந்தக் கொயாவத் தள்ளாம ஊதனா இந்த நோட்டு ஏறிக்கும். எந்த டிரம்பெட்டுன்னாலும் அப்டித்தான். எங்க செட்ல சேர்ற பசங்களுக்கு நான் மொத நாளு சொல்லிக் குடுக்கறதே அதான். கோயில் ஹாலுக்கு அந்தக் கம்பெனிக்காரனுங்க வந்தானுங்க. மைக்கு லெவலு பாக்கணும், ஒண்ணொண்ணா ஊது, மெதுவா ஊது, வேகமா ஊதுன்னானுங்க. கொயால தண்ணி கீதுப்பா, எறக்கிட்டு வர்றேன்னேன். ‘சும்மா டெஸ்ட்டு சார், மெயின் ரெக்கார்டிங் அப்பால’ன்னானுங்க. சரி டெஸ்ட்டுதானேன்னு ஏனோதானோன்னு ஊதிக் குட்த்தேன். அப்பால வர்றேன்னவனுங்க வரவே இல்ல.”

என் மனைவி கொண்டுவந்த காபியை அவன் தொடவில்லை.

“நான் காசு கேட்டு வர்ல சவரி. தப்பா நெனச்சிக்காத. எம்.கே.பி. நகர்ல கல்யாணம், எண்ணூர்ல சாவு, எங்க போனாலும் பொட்டில அது ஊதிகினு கீது. நான் எச்சி துப்பனதப் புடிச்சி மேளம் கொட்டி வித்துகினு கீறானுங்க. எங்க செட்டு பசங்களே, ‘இன்னா மாஸ்டர், நீங்களே கொயா தள்ளல’ன்னு சிரிக்கிறானுங்க. ஒரே ஒரு தபா என்ன ஒயுங்கா ஊத வுடச் சொல்லு. அத்த உள்ள போட்டு இத்தத் தூக்கச் சொல்லு. அது போதும் எனக்கு.”

இதைவிட நியாயமான கோரிக்கையை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. ஒரு மனிதன், தன்னை ஏமாற்றிப் பதிவு செய்தவர்களுக்கே, சரியாகச் செய்து தருகிறேன் என்கிறான்.

திங்கட்கிழமை ரெஜினா மேடத்திடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தார். “கூட்டிட்டு வாங்க,” என்றார்.

ஆரோக்கியம் ஞாயிற்றுக்கிழமை சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அவன் ஊதிய நடு ஸியைப் பதிவு செய்து, சாஃப்ட்வேரின் நடு ஸியோடு அளவு சமமாக்கி, பேரை மறைத்து, எங்கள் பிரிவில் இருந்த மற்ற மூன்று பேரையும் கேட்க வைத்தார். நான் சீட்டு எடுக்கப் போனபோது, “மிஸ்டர் சவரி, உங்களுக்கு ஆளத் தெரியும். உங்க சீட்டு செல்லாது,” என்று தடுத்துவிட்டார். மொட்டை மாடி, ஜெனரேட்டர், பெட்டி ஸ்பீக்கர், ஒன்றையும் விடவில்லை. ஆரோக்கியம் மாடிப்படியில் உட்கார்ந்து, பரீட்சை எழுதியவன் மாதிரி விரலை நெட்டி முறித்துக்கொண்டிருந்தான். டப்பாவைத் திறந்தால், மூன்று சீட்டும் அவனுக்கு. ஒருவர், ‘முதல் சத்தத்தில் குழாயில் தண்ணீர்’ என்றே எழுதியிருந்தார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு உயிர்னு ஏன் எழுதினீங்க?”

“சின்ன வயசுலேருந்து கேட்ட சத்தம் மேடம். அப்ப அது எனக்குத் தெரியல. ஆனா காதுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“பேர மறைச்சேன், வெலய மறைச்சேன். உங்க தெருவ மறைக்கணும்னு எனக்குத் தோணல,” என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்தது.

நான் செய்த தப்பு அதுதான். ஆரோக்கியத்தின் பேண்டு செட்டுக்குப் பின்னால் என் அப்பாவின் சவப்பெட்டி போயிருக்கிறது, என் கல்யாண வண்டி போயிருக்கிறது. தெரிந்த சத்தத்தைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது. அந்த இளக்கத்தைச் சத்தத்தின் தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியூர்க்காரன் எவனாவது கேட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் ‘சுருதி சேரவில்லை’ என்று தள்ளியிருப்பான்.

மேடம் இரண்டாவது அறிக்கை எழுதினார். கையெழுத்துப் போட்ட அறிக்கையைத் திருத்தக் கூடாது, புதிதாக எழுதிப் பின்னால் இணைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். நடு ஸி தப்பு, ஊதியவர் இன்னார், பதிவான விதம் இது, அவர் மறுபடி ஊதத் தயார் என்று எல்லாவற்றையும் எழுதி அந்தக் கம்பெனிக்கு அனுப்பினார். நாலு நாளில் பதில் வந்தது. அந்தச் சத்தம் வாடிக்கையாளர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம். அதை மாற்றும் எண்ணம் இல்லையாம். அதன் தரத்துக்கு எங்கள் நிறுவனமே சான்று அளித்திருக்கிறதாம். கீழே மேற்கோள் குறிக்குள் என் வரி: ‘இந்த டிரம்பெட்டுக்கு உயிர் இருக்கிறது.’

என்ன திண்ணக்கம் பாருங்கள்! தங்கள் புரட்டை மறைக்க என் வாயையே எடுத்து என் முகத்தில் அடித்தார்கள். எங்கள் முதலாளி என்ன செய்தார்? அந்த சாஃப்ட்வேர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. “போனது போகட்டும்மா, ஒரு நோட்டுதானே” என்று சொல்லி, இரண்டாவது அறிக்கையைக் கோப்பிலிருந்து உருவி எடுத்துவிட்டார். ஒரு நோட்டாம். பட்டுப் புடவையில் ஒரு ஓட்டைதானே என்று அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்குவாரா?

மேடம் அவரோடு சண்டை போடவில்லை. அன்று சாயந்தரம் பிஸ்கட் டப்பாவைத் துடைத்து, கைப்பையில் வைத்து, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை வேலைக்கு வந்தார், அறிக்கைகளில் பிழை திருத்தினார். கேட்கும் அறைக்குள் மட்டும் கால் வைக்கவில்லை.

நானாவது அன்றே கூச்சல் போட்டிருக்க வேண்டும். பென்ஷன் இல்லாத வேலை, இன்னும் இரண்டு வருடம்தான் என்று வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

அடுத்த மாதா தேருக்குப் பேண்டு செட் சொல்லவில்லை. வேனில் லேப்டாப், கீபோர்டு, நாலு பெட்டி. கீபோர்டில் உட்கார்ந்திருந்தது பாடகர் குழுவில் இருக்கும் ஸ்டெல்லா என்ற பெண். எடுத்த எடுப்பிலேயே அந்த டிரம்பெட்டைத்தான் போட்டாள். முதல் வரியிலேயே நடு ஸி வந்தது, கரகரப்போடும் ஏறிய சுருதியோடும்.

அடுத்த தடவை அந்த சுரம் வந்தபோது கூட்டத்துக்குள்ளிருந்து வேறொரு சத்தம் அதன் மேல் வந்து விழுந்தது. ஆரோக்கியம். வேனுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே, விரலால் குழாயைத் தள்ளிப் பிடித்து, அந்த ஒரே ஒரு சுரத்தை ஊதினான். மற்ற சுரங்களுக்கு டிரம்பெட்டை இறக்கிக்கொண்டான். நடு ஸி வந்ததும் மறுபடி ஏற்றினான். ஜனங்கள் சிரித்தார்கள். “மாஸ்டர், இன்னா ஆச்சு ஒனக்கு?” என்று யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவன் தட்டிவிட்டு ஊதினான். தப்பும் சரியும் ஒன்றாகச் சேர்ந்து காதைக் கிழித்தது.

இரண்டு தெரு இப்படியே போயிற்று. மூன்றாவது தெருவில் ஸ்டெல்லா அந்தக் கட்டையைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். மற்ற எல்லாவற்றையும் வாசித்து, நடு ஸி வரும் இடத்தில் விரலைத் தூக்கிக்கொண்டாள். அந்த இடத்தில் அவன் ஊதினான். தேர் கோயிலுக்குத் திரும்பும்வரை அப்படியேதான் போனது. எதற்கு என்று ஜனங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேனுக்குப் பின்னால் நடந்தேன்.

திவ்யா, இதுதான் நீ கேட்டது. கோப்பில் இரண்டாவது அறிக்கை இல்லை என்பதால் மூன்றாவது அறிக்கையை இங்கே எழுதித் தருகிறேன்.

சாஃப்ட்வேர் சிந்தசைசர், டிரம்பெட் பகுதி. நடு ஸி சுருதி சேரவில்லை, தொடக்கத்தில் குழாயில் தண்ணீர். ஊதியவர் ராயபுரம் பேண்டு மாஸ்டர் ஆரோக்கியம். டெஸ்ட் என்று சொல்லி அவரிடம் வாங்கியது. சரியாக ஊதித் தருகிறேன் என்று அவரே வந்து கேட்டார், மறுத்துவிட்டார்கள். கேட்டு பாஸ் போட்டவர் சவரிமுத்து, அவர் காது தவறியது. முடிவு: நிக்கல.

என் பழைய வரி இருக்கும் இடத்தில் இதைப் போடு. ஸ்டார் எத்தனை வேண்டுமானாலும் நீயே போட்டுக்கொள்.